நின்ற ஈரம்

காணும் பொங்கலையொட்டித் திருக்கடையூரில் எல்கைப் பந்தயம் நடக்கும். கரிச்சான், நடு, பெரிசு என்று குதிரைகளைத் தரம் பிரித்துத் தரங்கம்பாடிச் சாலையில் வண்டிகளை விடுவார்கள். சாலையின் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் குதிரையின் பிடரியைப் பார்க்கும், வாயில் தள்ளும் நுரையைப் பார்க்கும், சாரதியின் கையைப் பார்க்கும். காலின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது. ஆனால் பந்தயம் வரும் மாதத்தைக் கொஞ்சம் யோசித்தால் போதும். தை பிறந்து மூன்றாம் நாள் அது. ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்த மழை, மார்கழிப் பனி, காயாத களிமண் என்று ஏறக்குறைய 90 நாள் ஊறிய குளம்புதான் அன்றைக்குத் தார்ச்சாலையில் இறங்குகிறது. மாயவரம் ஜங்ஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நின்ற காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களின் வாடையும் நினைவிருக்கும். லத்தியும் மூத்திரமும் பச்சைப்புல்லும் கலந்த லாயத்து வாடை வேறு; அது பழகினால் பிடித்துக்கூடப் போகும். அதற்கடியில் இன்னொன்று இருக்கும், சொத்தைப் பல்லைத் தோண்டினால் வருவதுபோல. குதிரை காலைத் தூக்கிய கணத்தில் மூக்கில் ஏறும். குளம்பழுகலின் வாடை அது. ஆண்டுதோறும் மருந்து போடுகிறார்கள், ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. மருந்தைத் தவறான இடத்தில் போடுவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கட்சி. குளம்புக்குப் போடுகிறோம், நோய் இருப்பது தரையில்.

குளம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில், குதிகால் பக்கம் அகலமாகத் தொடங்கி முன்னோக்கிக் கூம்பிப் போகும் ரப்பர் போன்ற ஒரு மெத்தை இருக்கும். ஆங்கிலேயர் அதைத் தவளை என்கிறார்கள். பழைய கிரேக்கர் தகைவிலான் குருவி என்றார்கள், பிளந்த வாலைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம். நான் மெத்தை என்றே சொல்லிப்போகிறேன், அது செய்யும் வேலையும் அதுதான். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பள்ளம், நடுவில் ஒரு சிறு குழி. இந்த மூன்று இடங்களில் சேறும் லத்தியும் அடைந்து, காற்றுப் புகாமல், ஈரம் காயாமல் கிடந்தால் காற்றில்லாத இடத்தைத் தேடி வாழும் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றில் முக்கியமாகச் சொல்லப்படுவது ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். பூஞ்சைகளும் சேர்ந்துகொள்ளும். மெத்தையின் கொம்புத்தோல் கரைந்து கறுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றத்தோடு வழியும். ஆரம்பத்தில் குதிரை நொண்டாது. அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. உள்ளே உயிருள்ள சதையைத் தொட்ட பிறகுதான் காலைத் தரையில் வைக்க யோசிக்கும். அப்போது தை பிறந்திருக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கால்நடை மருத்துவப் புத்தகம் தேவையில்லை. சேற்றுப்புண் போதும். நடவு நட்ட, களை பறித்த எந்தப் பெண்ணின் கால்விரல் இடுக்கையும் கேட்டால் சொல்லும். நாளெல்லாம் சேற்றில் ஊறி வெளுத்து, தோல் உரிந்து, எரிச்சலெடுத்து, இரவு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, சிலர் மருதாணி அரைத்து வைத்து, காலையில் மறுபடி அதே வயலில் இறங்குவார்கள். நடவு முடியும்வரை அது ஆறாது என்பது அவர்களுக்குத் தெரியும். பூசுவது எரிச்சலைத் தாங்கத்தான். ஆற்றுவது வேலை முடிந்த பிறகு வரும் காய்ச்சல்கால வெயில். கிருமி வேறு, கால் வேறு, ஆனால் ஊறிய தோல் தன் காவலை இழந்துவிடும் என்ற அடிப்படை ஒன்றே. மனிதக் காலைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஊரில், அதே ஊர்க் குதிரைக்கு மட்டும் குப்பியில் தீர்வு தேடுவது எனக்குப் புரிந்ததில்லை. அந்தப் பெண்களாவது மாலையில் கரையேறிக் காலைக் கழுவித் திண்ணையில் உட்கார்வார்கள். முளைக்குச்சியில் கட்டிய குதிரைக்குக் கரை என்பது கிடையாது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14 கிலோ லத்தியும் 9 லிட்டர் சிறுநீரும் விடும். நம் பந்தய மட்டக்குதிரைகள் சிறியவை; பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலரை லிட்டர் தினமும், கட்டியிருக்கும் நாலு முழக் கயிற்று வட்டத்துக்குள், களிமண்ணில். வண்டல் களி தண்ணீரைக் கீழே விடாது. நெல்லுக்கு அது வரம். மேலே வைக்கோலைப் போட்டால் அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, நொதித்து, அமோனியா வாடையைக் கிளப்பும். கண்ணை எரிக்கும் அந்த அமோனியா குளம்பின் கொம்புப் பொருளையும் இளக்கும். ஆக, மழை ஒரு துளி பெய்யாவிட்டாலும் குதிரை தானே தன் காலடியில் ஒரு சேற்று வயலை உண்டாக்கிக்கொண்டு நிற்கிறது. மழை அதற்குக் கூரையில்லாத பக்கத்திலிருந்து கை கொடுக்கிறது, அவ்வளவுதான். ஈரத்தின் மேல் பழியைப் போடுகிறவர்களோடு இந்த இடத்தில்தான் நான் பிரிகிறேன். ஓடுகிற தண்ணீர் வேறு, நிற்கிற தண்ணீர் வேறு என்று வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். குளம்பை அழுக வைப்பது நின்ற ஈரம். அதன் மேல் அசையாமல் நின்ற குதிரை.

அசைவை ஏன் சேர்க்கிறேன் என்றால், நோய் திரும்பத் திரும்ப வருவதன் சூட்சுமம் அதில் இருக்கிறது. நல்ல குளம்பில் நடுக்குழி கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஆழமில்லாமல் விரிந்திருக்கும். குதிரை நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் பட்டு, மெத்தை அமுங்கி, குதிகால் சற்றே விரிந்து சுருங்கும். ஒவ்வொரு அடியிலும் அழுக்கு தானே பிதுங்கி விழும், இரத்தமும் உள்ளே ஓடும். நாளெல்லாம் கட்டிப்போட்ட குதிரைக்கு இந்த வேலை நடப்பதில்லை. குதிகால் ஒடுங்கும். ஒடுங்கினால் நடுக்குழி குறுகி, பிளவாகி, ஆழமாகும். காசைச் செருகினால் உள்ளே போய்விடும் அளவுக்கு. அந்தப் பிளவுக்குள் காற்றும் போகாது, மருந்தும் போகாது. அங்கே அழுகல் புகுந்தால் வலிக்கும். வலித்தால் குதிரை குதிகாலைத் தவிர்த்து விரல்நுனியில் ஊன்றி நடக்கும். அப்படி நடந்தால் மெத்தைக்கு வேலை இன்னும் குறையும், குதிகால் இன்னும் ஒடுங்கும். செக்குமாட்டு வட்டம் இது. நாற்றம் நின்றதும் குணமாகிவிட்டது என்று கைகழுவுகிறோம். பிளவு அப்படியே இருக்கிறது, அடுத்த ஐப்பசிக்குக் காத்துக்கொண்டு. மெத்தை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். குளம்பின் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரைதான் வளரும். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் தொடங்கும் வைத்தியம் எதைச் சாதிக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்துவிட்ட அழுகலுக்கு மருந்து போட்டுத்தான் ஆகவேண்டும், முறையாக. வளைந்த இரும்புக் கொக்கியால் பள்ளங்களைக் குதிகாலிலிருந்து முன்பக்கம் நோக்கிச் சுரண்டி எடுத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி நன்றாகக் காயவிட வேண்டும். இந்தக் காயவிடுதலைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொங்கும் செத்த தோலைக் கைதேர்ந்தவர் மட்டும் சீவலாம். ஆர்வக் கோளாறில் உயிர்ச்சதைவரை சீவினால் கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்டதாகும். பிறகு போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைப் பிளவுக்குள் நெருக்காமல் வைத்துத் தினமும் மாற்றலாம். மயில்துத்தம் நம் ஊரின் பழைய மருந்து. பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தடுக்கும் குணம் அதற்கு உண்மையிலேயே உண்டு, ஆனால் பச்சைப்புண்ணில் நேராகத் தூவினால் சதையைச் சுடும். ஃபார்மலினும் ப்ளீச்சிங் கரைசலும் அழுகலோடு நல்ல திசுவையும் சாகடிப்பவை. எனக்கு மிகவும் உறுத்துவது கிரீஸும் பழைய எஞ்சின் ஆயிலும் பூசும் வழக்கம். தண்ணீர் புகாது என்று நினைத்துப் பூசுகிறார்கள். காற்றில்லாமல் வாழும் கிருமியை உள்ளே வைத்து மூடி போட்டு அடைப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. வேப்பெண்ணெய்க்குக் கிருமியைத் தடுக்கும் தன்மை உண்டென்றாலும், அழுக்கை எடுக்காமல் மேலே வழித்துவிட்டால் அதுவும் மூடிதான். கால் வீங்கினாலோ, தொட்டால் இழுத்துக்கொண்டாலோ, இரத்தம் கசிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். குதிரை டெட்டனஸுக்கு மிக எளிதில் இரையாகும் பிராணி. காலடிப் புண்ணும் லத்தி கலந்த மண்ணும் சேர்ந்த இடத்தில் அந்தத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது சூதாட்டம். தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்போல் சென்னை வேப்பேரிவரை போகத் தேவையில்லை.

தரைதான் நோய் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், ஈரமான வழவழப்பான லாயத் தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்று சொல்லிவிட்டார். சரிவு வைக்கச் சொன்னார், குளம்பளவு கற்களை நெருக்கிப் பதிக்கச் சொன்னார். லாயத்துக்கு வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டி, ஒவ்வொன்றும் கையில் அடங்கும் அளவில், ஏறக்குறைய அரைக்கிலோ எடையில், சிதறாமல் இரும்பு விளிம்பு கட்டி, குதிரையைத் தேய்க்கும் நேரத்தில் அதன்மேல் நிறுத்தச் சொன்னார். லாடம் அறியாத காலத்துக் குதிரைப்படைக்காரனின் கவலை அது. நம் பக்கத்திலும் குதிரை நூல்களுக்குக் குறைவில்லை. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952இல் படங்களோடு அச்சிட்டது. நிறம், சுழி, இலட்சணம் என்று அதில் நுணுக்கங்கள் ஏராளம். அந்த மரபில் சுழி பார்ப்பது மட்டும் நம்மிடம் உயிரோடு தங்கிவிட்டது. சந்தையில் குதிரை வாங்குகிறவர் நெற்றிச் சுழி, மார்புச் சுழி எல்லாம் எண்ணிப் பார்ப்பார். நாலு காலையும் தூக்கி முகர்ந்து பார்ப்பவரைக் காண்பது அரிது.

தரைதான் நோய் என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது, இது தண்ணீர் நாடு, இங்கே குதிரை வளர்த்தால் இப்படித்தான் என்பது. பழைய சாட்சியும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. குதிரை என்றைக்கும் இங்கே வந்த பொருளே தவிர விளைந்த பொருள் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2000க்கு மேல் குதிரைகளை அரசன் வாங்குவதாகவும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் படிக்க வேண்டும். பராமரிக்கத் தெரியாததால் செத்தன, வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை, இருந்தால் வியாபாரம் கெடும் என்று விற்பவர்கள் அப்படிப்பட்டவர்களை வரவே விடவில்லை என்கிறார். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். குற்றத்தை அவர் மழையின் மேல் சுமத்தவில்லை என்பதே எனக்கு முக்கியம். அதோடு, ஈரத்தோடு வாழத் தெரியாத ஊரா இது? வெள்ளத்துக்கு அஞ்சி வீட்டைத் திண்ணை உயர்த்திக் கட்டுகிறோம். வைக்கோல் போரைக்கூட மேடு பார்த்துப் போடுகிறோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதமா 22 சதவீதமா என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறோம். நெல்லுக்கு அளக்கத் தெரிந்த ஈரத்தைக் குதிரையின் காலடியில் மட்டும் விதி என்று விட்டுவிடுவது வசதிக்காகச் சொல்வது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. கோடியக்கரைச் சரணாலயத்தில் காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு யார் தரை போட்டார்கள், யார் கொக்கியெடுத்துச் சுரண்டினார்கள்? அவற்றின் குளம்பெல்லாம் மாசற்றவை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்த உதாரணம் எதிர்க்கட்சிக்கு உதவாது. வேதாரண்யக் கடற்கரையின் வடகிழக்குப் பருவமழை நமக்குக் குறைந்ததல்ல. சதுப்பும் அங்கே உண்டு. வேறுபாடு கயிற்றில் இருக்கிறது. அந்தக் குதிரை மேய்ந்துகொண்டே நடக்கும், மணல் திட்டில் ஏறி நிற்கும், மூத்திரம் விட்ட இடத்தைவிட்டுப் போய்விடும். மழையில் நனைவது அதற்கும் உண்டு, தன் கழிவில் ஊறுவது இல்லை. ஜட்காக் குதிரைக்கும் பகலில் நடை இருந்தது, கப்பிச்சாலையில் குதிகால் படும்படி. அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாட நான் தயாரில்லை. சேணம் உரசிய முதுகுப்புண்ணும் துருத்திய விலா எலும்புமாக நின்ற குதிரைகள் அவை. நடை அவற்றுக்குப் பட்டினியோடு சேர்ந்து வந்தது. இன்றைய பந்தயக் குதிரைக்குக் கொள்ளும் பருத்திக்கொட்டையும் தாராளம், நடைதான் பஞ்சம். பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் நின்றதைப் பந்தயத்துக்கு முன் சில வாரம் விரட்டுவதை நான் நடையில் சேர்க்கவில்லை.

மாட்டுக்கு வராதது குதிரைக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் மாட்டின் காலைப் பார்த்ததில்லை. பிளவுக் குளம்பு விரிந்து சேற்றை விடும் என்பது உண்மை. ஆனாலும் அதே நெக்ரோஃபோரம் மாட்டின் குளம்பிடுக்கையும் அழுக வைக்கும். லாடம் கட்டினால் கால் தரையைவிட்டு உயர்ந்துவிடுமே என்பது இன்னொரு நம்பிக்கை. உயர்வது உண்மைதான், மெத்தையும் சேர்ந்து உயர்ந்து வேலையிழக்கிறது, இரும்பு வளையத்துக்குள் சேறு கிண்ணத்தில் போட்டதுபோல் தங்குகிறது. தார்ச்சாலையில் ஓட லாடம் தேவை, மறுக்கவில்லை. பந்தயக் காலம் போனபின் லாடக்காரரைக் கலந்துகொண்டு சில மாதம் கழற்றிவிடலாம். கழற்றாவிட்டாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி அரம் போட்டு, குதிகால் நீண்டு ஒடுங்காமல் பார்க்க வேண்டும்.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் பணம். குதிரை வைத்திருப்பவர்களில் கூலி வேலை செய்கிறவர்களும் உண்டு, அவர்களிடம் போய்ச் செனஃபோனின் கல் தளத்தைப் பேசினால் சிரிப்பார்கள். நியாயம். ஆனால் நான் கேட்பது பத்தடிக்குப் பத்தடி மேடு. சுற்றியிருக்கும் தரையைவிட ஒரு அடி உயரம், அடியில் இடித்த வீட்டுச் செங்கல் ஜல்லி, மேலே மணல், ஐந்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு, சரிவு முடியும் இடத்தில் ஒரு சிறு வடிகால், சாரல் அடிக்கும் பக்கம் கீற்றுத் தட்டி. மணல் விலை கேட்டால் மயக்கம் வரும் காலம் என்பதால் மேல் விரிப்புக்குத் தென்னை நார்க்கழிவைச் சொல்வேன். தன் எடையைப்போல் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும், தென்னை இல்லாத ஊர் இங்கே எது? உமி மலிவு, காய்ந்த இடம் தரும், ஆனால் தூசி பறக்கும், சில குதிரைகள் தின்னப் பார்க்கும். எதைப் போட்டாலும் நனைந்ததைக் காலையிலும் மாலையிலும் அள்ளி வெளியே போட வேண்டும், அதை வாங்கிக்கொள்ள வயல் இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தூவுகிறவர்கள் நன்றாக நீறியதை, குதிரையை வெளியே கட்டிவிட்டு, தரை காய்ந்த பின் தூவி, மேலே விரிப்பைப் போடட்டும். ஈரத்தில் நீறாத சுண்ணாம்பு புண்ணைவிடக் கொடியது. விரிப்பு நீங்கலாக இவ்வளவும் ஒருமுறைச் செலவு, ஒரு மழைக்காலத்துக்கு வாங்கும் குப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மீதி கைவேலை: தினம் ஒரு வேளை கொக்கி, தினம் அரை மணி நடை. நேரம் இல்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மேட்டைப் போடும் மாதம் புரட்டாசி. ஐப்பசி மழைக்குள் செங்கல்லும் சரிவும் படிந்து இறுகிவிடும். முதல் மழை விழுந்த வாரத்திலிருந்து மாலைதோறும் நடுக்குழியில் கொக்கியை ஒருமுறை ஓட்டி எடுத்து, நுனியை மூக்கருகே கொண்டுபோனால் போதும். ஈர மண்ணின் வாடை மட்டும் வந்தால் கயிற்றை அவிழ்த்து நடக்க அழைத்துப் போகலாம்.